மழை வந்தா கார் வாஷ் கேன்சல்... நஷ்டம் யாருக்கு?

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் சென்னையில் பல வாட்ஸ்அப் சாட்களில் ஒரே உரையாடல்தான் ஓடும். "சார், மழை வர்ற மாதிரி இருக்கு, நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்று ஒரு பக்கம். "இதுக்காகவே லீவு போட்டிருக்கேன். இப்ப வந்து சொன்னா எப்படி?" என்று மறுபக்கம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு நீல டிக் மட்டும்தான்.

வீட்டு வாசலுக்கே வந்து காரைச் சுத்தம் செய்து தரும் மொபைல் கார் டீடெய்லிங் தொழில், நகரத்து இளைஞர்கள் பலர் குறைந்த முதலீட்டில் இறங்கும் தொழிலாக மாறியிருக்கிறது. ஒரு பழைய ஆம்னி வேன், ஒரு பிரஷர் வாஷர், ஒரு வாக்குவம் கிளீனர், ஒரு தண்ணீர் டேங்க், ஒரு உதவியாளர். கடை வாடகை இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். தலைக்கு மேல் கூரை இல்லை என்பதுதான் இதன் பெரிய பலவீனம்.

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் மழை வந்தால் என்ன நடக்கும் என்பதை வெயில் அடிக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள முடியும். இந்தத் தொழிலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை மழையால் வருபவை அல்ல, பேசாமல் விட்டதால் வருபவை என்பதே என் கருத்து. அந்தப் பேச்சில் டீடெய்லருக்கும் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. இருவரும் மறந்துவிடுகிற மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு. அவரைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

மழைதான் வருதே, வாஷ் எதுக்கு?

வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காரைப் பொறுத்தவரை கணக்கு நேர் எதிர்.

மழை காரைக் கழுவுவதில்லை. காற்றில் இருக்கும் தூசியைக் கீழே இறக்கி காரின் மேல் ஒட்டவைக்கிறது. முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் சேறு, வீல் ஆர்ச்சுக்குள்ளும் கதவின் அடிப்பகுதியிலும் போய் அடைகிறது. நனைந்த செருப்போடு ஏறி இறங்குவதால் கால் மிதியடியும் அதன் கீழே இருக்கும் கார்ப்பெட்டும் ஈரம் பிடிக்கின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நாள் நிறுத்திவைத்தால் ஊசிப்போன வாடை வரும், சீட் பெல்ட்டில் பூஞ்சைகூடப் பிடிக்கலாம்.

ஆக, மழைக்காலத்தில் சுத்தம் செய்யும் தேவை குறைவதில்லை, வேறு இடத்துக்கு நகர்கிறது. வெளிப்புறப் பளபளப்பு பின்னால் போய், உள்புற ஈரமும் அடிப்பகுதிச் சேறும் முன்னால் வருகின்றன. இதைப் புரிந்துகொண்ட டீடெய்லர் நவம்பரிலும் பிழைக்கலாம். ஏப்ரலில் விற்ற அதே பேக்கேஜை நவம்பரிலும் விற்பவர் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எது முடியும், எது முடியாது?

லேசான தூறலில் வெளிப்புற வாஷ் செய்வதில் தவறில்லை. சொல்லப்போனால், சுட்டெரிக்கும் வெயிலைவிட மேகமூட்டமே வாஷுக்கு நல்லது. ஷாம்பூ சீக்கிரம் காயாது, துணி வழுக்கிக்கொண்டு போகும்.

மெழுகு, சீலன்ட், செராமிக் கோட்டிங் போன்றவை வேறு ரகம். பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். செராமிக் கோட்டிங் போட்ட பிறகு குறைந்தது முதல் சில மணி நேரமாவது தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்புகள் ஒரு நாள் வரைகூட ஈரம் வேண்டாம் என்கின்றன. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் கோட்டிங் காயும் வேகமே மாறிவிடும். எனவே, "நவம்பர்ல திறந்தவெளியில செராமிக் கோட்டிங் போட்டுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், ஆள் தாராளமானவர் என்று மகிழ வேண்டாம். விவரம் தெரியாதவரா என்று சந்தேகப்படுங்கள். அந்த வேலைக்கு மூடிய இடம் வேண்டும், இல்லையென்றால் ஜனவரி கடைசி வரை பொறுக்க வேண்டும்.

சீட், கார்ப்பெட் ஷாம்பூ வாஷிலும் கவனம் தேவை. ஈரமான நாளில் துணி சீட் காய நேரம் பிடிக்கும். மாலை நான்கு மணிக்கு வேலையை முடித்து, கதவைச் சாத்திவிட்டுப் போனால், சுத்தம் செய்த காரே நாற்றம் அடிக்கும். அப்புறம், "நல்லா இருந்த காரைக் கெடுத்துட்டீங்க" என்ற புகார் வரும். மழைக்காலத்தில் உள்புற ஈர வேலைக்குக் காலை நேரம்தான் சரி. புளோயர், ஏ.சி. போட்டுக் காயவைக்கும் நேரத்தையும் சேர்த்தே ஸ்லாட் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள் அடிக்கடி வரும். "தண்ணி எடுத்துட்டு வர வேணாம், ஈரத்துணியால தொடைச்சுக் குடுத்துட்டுப் போங்க." சேறும் மணலும் ஒட்டிய பெயின்ட்டை அப்படித் துடைத்தால் அது உப்புத்தாளால் தேய்த்த மாதிரி. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள் தெரியும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்காமல் துணி வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் "முடியாது சார்" என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் நல்லது.

பாதுகாப்பில் பேரமே கிடையாது. பிரஷர் வாஷரும் வாக்குவமும் மின்சாரத்தில் ஓடுபவை. நனைந்த தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்க, மழையில் வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பு, தரையிலிருந்து தூக்கி வைத்த பிளக், ரப்பர் பூட்ஸ், இவை குறைந்தபட்சம். இடி இடித்தால் வேலை நிற்க வேண்டும். மடக்குக் கூடாரம் வெயிலுக்கும் தூறலுக்கும் உதவும். காற்று வீசினால் அதுவே பறந்துபோய் காரின் மேல் விழும். பேஸ்மென்ட் பார்க்கிங் நல்ல மாற்றுதான். ஆனால் அசோசியேஷன் அனுமதி, தண்ணீர் வடியும் வழி, பேஸ்மென்டே மூழ்கும் பகுதியா என்ற மூன்றையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலும் மோசமான வானிலைதான்

சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த அளவு போகாத சாதாரண அக்னி நட்சத்திர நாளிலேயே, வெயிலில் நிற்கும் கருப்பு காரின் பானெட்டில் கையை வைக்க முடியாது. அதன் மேல் ஊற்றும் தண்ணீர் துடைப்பதற்குள் ஆவியாகிவிடும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் மட்டும் பெயின்ட்டில் தங்கி வெள்ளை வட்டங்களாக நிற்கும். "புது கார் மாதிரி ஆக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு மதியம் ஒரு மணிக்கு வெட்டவெளியில் வாஷ் செய்தால் புள்ளி விழுந்த காரைத்தான் திருப்பித் தர முடியும்.

மழையே பெய்யாமல் போவதும் இந்தத் தொழிலை நிறுத்தும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தெருவில் தண்ணீர் அடித்து கார் கழுவினால் வாடிக்கையாளர் பாராட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் படம் பிடிப்பார். குறைந்த தண்ணீரில் முடியும் முறையைக் கற்று வைத்திருப்பவருக்குத்தான் அந்த மாதங்களில் வேலை.

வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

போனில் இருக்கும் ஆப் "60% மழை" என்று காட்டினால், நாளில் 60 சதவீத நேரம் மழை பெய்யும் என்று அர்த்தமில்லை. இதே போன்ற சூழல் உள்ள 10 நாட்களில் 6 நாள் உங்கள் பகுதியில் மழை பெய்யும் என்று பொருள். அதாவது நான்கு நாள் பெய்யாது. "60% போட்டிருந்துச்சு, சொட்டுகூட விழல. சும்மா கேன்சல் பண்ணிட்டீங்க" என்ற புகார் பிறப்பது இந்த இடத்தில்தான்.

வானிலை ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில்" மழை என்றால், அந்தப் பகுதியின் மழை அளவு நிலையங்களில் கால்வாசி வரை பெய்யலாம் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "கனமழை" என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் தொடங்குவது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். தொழிலுக்கு இதை இப்படி மொழிபெயர்க்கலாம்: மஞ்சள் நாளில் உள்புற வேலை மட்டும், ஆரஞ்சு நாளில் கூரை உள்ள இடம் மட்டும், சிவப்பு நாளில் வண்டியையே எடுக்க வேண்டாம்.

"அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் உடனடி முன்னறிவிப்பும் ரேடார் படமும்தான் கிளம்பும் நேரத்து முடிவுக்கு உதவும். பருவத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் இடிமழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வரும், காலை ஸ்லாட் தப்பிக்கும். வடகிழக்குப் பருவமழையில் கரையோரத்தில் நள்ளிரவு முதல் காலை வரை கொட்டிவிட்டு, பகலில் இடைவெளி விடுவது அடிக்கடி நடக்கும். நவம்பரில் காலை 7 மணி ஸ்லாட்டைக் கொடுத்துவிட்டு அவதிப்படுவதைவிட, வெளிப்புற வேலையை 11 மணிக்குத் தள்ளுவது புத்திசாலித்தனம்.

பணம் யார் பொறுப்பு?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56-வது பிரிவு. அப்படிச் செல்லாமல் போனால் பெற்றுக்கொண்டதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. ஆனால் ஒரு நாள் மழை வேலையைத் தள்ளிவைக்குமே தவிர, முடியாததாக்கிவிடாது. தவிர, 1,000 ரூபாய் வாஷுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆகவே சட்டத்தை நம்பி உட்காருவதைவிட, புக்கிங் நேரத்திலேயே நான்கு வரி எழுதி அனுப்புவது மேல். அந்த நான்கு வரி இப்படி இருக்கலாம்:

1. வானிலை காரணமாக யார் தள்ளிவைத்தாலும் கட்டணம் கிடையாது. அட்வான்ஸ் அடுத்த தேதிக்கு மாறும். 7 நாளுக்குள் தேதி ஒத்துவரவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும்.

2. முந்தைய நாள் மாலை 7 மணிக்குள் முதல் தகவல், வேலைக்கு 2 மணி நேரம் முன்பு கடைசி முடிவு. பாதுகாப்பு பற்றிய முடிவு வேலை செய்பவருடையது.

3. பாதியில் மழை வந்தால், முடித்த வேலைக்கு மட்டும் பணம். மீதியை முடிக்க வரும்போது பயணக் கட்டணம் இல்லை.

4. மழையே இல்லாத நாளில், வண்டி கிளம்பிய பிறகு வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் 200 ரூபாய். அதே போல, மழையே இல்லாத நாளில் டீடெய்லர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் பில்லில் 200 ரூபாய் குறையும்.

நான்காவது வரியைச் சேர்க்கப் பலர் தயங்குவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், வாடிக்கையாளர்களின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே நேரத்துக்கு இரண்டு புக்கிங் எடுத்துவிட்டு, சின்ன ஆர்டரை "மழை சார்" என்று தள்ளிவிடும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களால்தான் உண்மையாகவே மழையில் மாட்டிக்கொண்டவரையும் யாரும் நம்புவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே தொகை என்று எழுதி வைத்தால் அந்தச் சந்தேகம் பாதி குறையும்.

சிலர், "வாஷ் பண்ணி 48 மணி நேரத்துல மழை வந்தா ஃப்ரீ வாஷ்" என்று விளம்பரம் செய்கிறார்கள். பிப்ரவரியில் இது நல்ல தந்திரம். ஆனால் சென்னையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சராசரியாக மாதத்துக்குச் சுமார் 10 நாட்கள் மழை நாட்கள். அந்த இரண்டு மாதங்களில் இப்படி உத்தரவாதம் கொடுப்பவர் ஒரு வாஷ் விலைக்கு இரண்டு வாஷ் விற்கிறார். பிறகு நஷ்டத்தைச் சரிக்கட்ட இரண்டாவது வாஷை அரைகுறையாகச் செய்வார், அல்லது போனை எடுக்க மாட்டார். நிறைவேற்ற முடியாத சலுகையைவிட "சாரி சார், மழைக்கு கேரண்டி தர முடியாது" என்ற நேர்மையான வார்த்தை மரியாதையானது.

மெசேஜ் எப்படி இருக்கணும்?

"சார் மழை, நாளைக்கு பாக்கலாம்" என்பது தகவல் அல்ல. அதில் எந்த நாளை, எத்தனை மணி, கொடுத்த பணம் என்ன ஆகும் என்ற மூன்றும் இல்லை. இதையே இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். நாளைக்குக் காலைல 11 மணிக்கு உங்க கார் புக்கிங் இருக்கு. ஆரஞ்சு அலர்ட் குடுத்திருக்காங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உங்க பேஸ்மென்ட்ல உள்புற வேலையை மட்டும் நாளைக்கு முடிச்சுடலாம். இல்ல, மொத்தமா வியாழக்கிழமை 11 மணிக்கு வெச்சுக்கலாம். உங்க அட்வான்ஸ் அப்படியே இருக்கும். எது வசதின்னு சொல்லுங்க சார்."

இதில் மன்னிப்பும் கெஞ்சலும் இல்லை, காரணமும் மாற்று வழியும் இருக்கின்றன. தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளர் கையில் இருப்பதால் கோபத்துக்கு இடம் குறைவு. மழைக்கெல்லாம் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கினால், மழை உங்கள் தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வெள்ளம் புகுந்த கார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் போன் மேல் போன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அந்த பயம் புரிகிறது. ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்த காருக்கு முதலில் கூப்பிட வேண்டியது டீடெய்லரை அல்ல. ஸ்டார்ட் செய்யக் கூடாது. போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்ப்பதற்கு முன் சுத்தம் செய்தால் சேதத்தின் சாட்சியையே கழுவிவிட்ட மாதிரி. மெக்கானிக் பார்த்த பிறகுதான் கார்ப்பெட், சீட் வேலை. அதையும் "வாடை முழுசா போயிடும்" என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் கார்ப்பெட்டையே மாற்ற வேண்டிவரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஆள்

இப்போது ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 3 கார், காருக்கு 1,000 ரூபாய், மாதம் 26 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 78,000. வேன் இ.எம்.ஐ., உதவியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து நிலையான செலவு 40,000. ஷாம்பூ, பெட்ரோல் காருக்கு 150 வீதம் 11,700. கையில் நிற்பது 26,300 ரூபாய்.

நவம்பரில் 8 நாள் மழையில் போனால் 54 கார். வரவு 54,000. நிலையான செலவு அதே 40,000. பொருள் செலவு 8,100. கையில் 5,900 ரூபாய். வரவு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, ஆனால் வீட்டுக்குப் போகும் பணம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. "ஒரு நாள் தள்ளிவெச்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

இந்த நெருக்கடியில் முதலாளி முதலில் கைவைக்கும் இடம் உதவியாளரின் கூலி. நாளுக்கு 700 ரூபாய் என்றால், 8 நாளுக்கு 5,600 ரூபாய் மிச்சம். காலை ஆறு மணிக்கே குளித்துக் கிளம்பித் தயாராக நிற்பவரிடம், "இன்னைக்கு மழை, வர வேணாம்டா" என்று ஒரு போன். வாடிக்கையாளரின் அட்வான்ஸ் பத்திரமாக இருக்கிறது. முதலாளிக்கு அடுத்த வாரம் அதே ஆர்டர் திரும்பி வரும். போன நாளின் கூலி மட்டும் எங்கிருந்தும் திரும்பி வராது.

மழை நாளில் பாதிக் கூலியாவது கொடுக்க முடியுமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 8 நாள் வீதம் 24 நாள், நாளுக்கு 350 ரூபாய் என்றால் 8,400 ரூபாய். இதே கணக்குப்படி, அந்த 24 நாள் போக ஆண்டுக்கு 864 கார். காருக்கு 10 ரூபாய்கூட ஆகவில்லை. 1,000 ரூபாய் வாஷை 1,010 ஆக்கினால் ஒருவர் வீட்டில் நவம்பர் மாதமும் அடுப்பு எரியும். அந்தப் பத்து ரூபாயை பில்லில் "மழை நாள் கூலி" என்றே எழுதலாம். கேள்வி கேட்கும் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

வாடிக்கையாளர்களாகிய நாம் செய்ய வேண்டியது இரண்டுதான். புக் செய்யும்போதே, "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் காரை ஒப்படையுங்கள். அவர் சொன்னபடி தகவல் கொடுத்துத் தள்ளிவைத்தால், மழைக்காக அவருக்கு ஒரு ஸ்டார் போடாதீர்கள். சொல்லாமல் வராமல் போனவருக்குத் தாராளமாகப் போடுங்கள்.